கப்பல் நேரம்

ஜமைக்கா கின்கெய்டின் 'எ ஸ்மால் ப்ளேஸ்' புத்தகத்தைப் பற்றி எழுத எனக்கு ஒரே ஒரு தகுதிதான் உண்டு. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஆன்டிகுவாவை ஒரு நாளில் சுற்றிப்பார்க்க எக்செல் ஷீட் போட்டவன் நான். அந்தப் புத்தகம் யாரைத் திட்டுவதற்காக எழுதப்பட்டதோ, கிட்டத்தட்ட அந்த ஆள்.

நடந்தது இதுதான். அக்கா குடும்பம் நியூஜெர்சியில் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக அமெரிக்கா வந்திருந்தார்கள். டிசம்பர் விடுமுறையில் ஃப்ளோரிடாவிலிருந்து கிளம்பும் கரீபியன் கப்பல் ஒன்றில் மாமா எல்லோருக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுவிட்டார். "நீதான் எப்பப் பாரு புத்தகமும் கையுமா இருக்க, ஒரு ஊருக்காவது நீ திட்டம் போடு" என்று அக்கா ஆன்டிகுவாவை என் தலையில் கட்டினாள். கப்பல் அங்கே நிற்பது காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை. நாலரைக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும்.

கப்பலில் போகாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கரையில் இறங்கிச் சுற்றிப்பார்க்க இரண்டு வழிகள். கப்பல் நிறுவனமே விற்கும் சுற்றுலாவில் நாற்பது பேரோடு பஸ்ஸில் போகலாம். விலை அதிகம்தான், ஆனால் அந்த பஸ் தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். இன்னொரு வழி, அந்த ஊர்க்காரர் ஒருவரை நேரடியாகப் பிடித்து, நம் குடும்பத்துக்கு மட்டும் ஒரு வேன் பேசுவது. போக வேண்டிய இடங்களை நாமே முடிவு செய்யலாம், பணமும் அந்த ஊர்க்காரர் கைக்கே போகும். ஆனால் தாமதமானால் கப்பல் போய்விடும், அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் பறந்து போய்ச் சேர வேண்டியதுதான். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். காரணம் கேட்டால் ஊர்க்காரர் கைக்குப் பணம் போவது பற்றி நீளமாகப் பேசியிருப்பேன். உண்மையான காரணம், நாற்பது பேரில் ஒருவனாக இருப்பதற்கு என்னைப் போன்ற வாசகனுக்கு இருக்கும் கூச்சம்.

நண்பர்களிடம் என்ன படிக்கலாம் என்று கேட்டபோது எல்லோரும் கைகாட்டியது டேவிட் ஃபாஸ்டர் வாலஸ். 1996இல் 'ஹார்ப்பர்ஸ்' இதழில் வந்த அவருடைய நீண்ட கப்பல் கட்டுரை. பிரமாதமான கட்டுரைதான், வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் அது கப்பலைப் பற்றியது. சாப்பாடு, கழிவறை, துண்டு மடிக்கும் பணியாள், பயணியின் மனச்சோர்வு. கரை என்ற ஒன்று அதில் பெயருக்குத்தான் இருக்கிறது. தீவு எங்கே என்று தேடித்தான் கின்கெய்டிடம் போனேன்.

'எ ஸ்மால் ப்ளேஸ்' 1988இல் வந்தது. எண்பது பக்கம் சொச்சம், ஒரே மாலையில் முடித்துவிடலாம். கின்கெய்ட் 1949இல் ஆன்டிகுவாவின் தலைநகர் செயின்ட் ஜான்ஸில் பிறந்தவர். பதினாறு பதினேழு வயதில் நியூயார்க்குக்குக் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய், பெயரை மாற்றிக்கொண்டு எழுத்தாளரானவர். அதற்கு முன்பே வந்த அவரது நாவல் 'ஆனி ஜான்' மென்மையான புத்தகம். இது அப்படி இல்லை. முதல் வரியிலேயே 'நீ' என்று விரலை நீட்டுகிறது. நீ விமானத்தில் இறங்குகிறாய், வெயில் உனக்குப் பிடித்திருக்கிறது, இங்கே மழை பெய்யாதது உனக்கு வரம், இங்கே வாழ்பவனுக்கு அது வறட்சி என்பது உனக்குத் தோன்றாது. டாக்ஸியில் ஏறுகிறாய். ஜன்னல் வழியே பள்ளிக்கூடம், மருத்துவமனை, இடிந்த நூலகம், அமைச்சர்களுக்கு வேண்டப்பட்டவர்களின் மாளிகைகள். ஓட்டல் வந்து சேர்ந்து கடலைப் பார்க்கிறாய். நீ குளித்த தண்ணீரும் நீ கழிவறையில் விட்டதும் எங்கே போகிறது என்று மட்டும் யோசிக்காதே என்கிறார்.

இந்த முதல் பகுதியைச் சுற்றுலாவுக்கு எதிரான கட்டுரை என்றுதான் எல்லோரும் வாசிக்கிறார்கள். திட்டம் போடுகிறவனாக வாசித்தபோது எனக்கு வேறொன்று தெரிந்தது. இதுவே ஒரு தனிச் சுற்றுலா. ஒரு பாதை இருக்கிறது, நிறுத்தங்கள் இருக்கின்றன, பக்கத்தில் உட்கார்ந்து 'இந்தப் பக்கம் பார்' என்று சொல்லும் வழிகாட்டி இருக்கிறார். ஒரே வித்தியாசம், இந்த வழிகாட்டிக்கு நம்மிடம் டிப்ஸ் வேண்டாம். வழிகாட்டி எதையெல்லாம் சொல்லாமல் இருப்பதற்கு நாம் காசு கொடுக்கிறோமோ, அதையெல்லாம் இவர் இலவசமாகச் சொல்கிறார். பக்கத்துக்குப் பக்கம் எரிச்சலும் சிரிப்பும் வருவதற்கு அந்த வடிவம்தான் காரணம். இதையே ஒரு ஆய்வுக் கட்டுரையாக எழுதியிருந்தால் யாரும் இப்போது படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அந்த 'நீ' யார்? வட அமெரிக்கன் அல்லது ஐரோப்பியன், வெள்ளைக்காரன் என்று கின்கெய்டே சொல்லிவிடுகிறார். விமான நிலையத்தில் அவனை உடனே விட்டுவிடுவார்கள், பெட்டி பெட்டியாகச் சாமான் கொண்டுவரும் ஆன்டிகுவாக்காரனைத்தான் நிறுத்திக் கிளறுவார்கள். இதைப் படித்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் வெள்ளைக்காரன் இல்லையே. இந்திய பாஸ்போர்ட்டோடு தூதரக வாசல்களில் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றவன். புத்தகத்தின் இன்னொரு இடத்தில், ஒவ்வொரு சுற்றுலாப் பயணியும் எங்கோ ஒரு ஊர்க்காரன்தான், ஆனால் உலகத்தின் பெரும்பாலான ஊர்க்காரர்களுக்குத் தங்கள் ஊரைவிட்டு எங்கும் போக வசதி இல்லை என்கிறார். சரி, நான் அந்தப் பக்கத்து ஆள் என்று நினைத்துக்கொண்டேன். அது பொய் என்று துறைமுகத்தில் இறங்கிய ஐந்தாவது நிமிடமே தெரிந்தது. என்னிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. கப்பலின் பிளாஸ்டிக் அட்டையை ஒரு தடவை காட்டினேன், ஒரு நாட்டுக்குள் நுழைந்துவிட்டேன். என் வாழ்க்கையிலேயே முதல்முறை.

டெரெக் வால்காட்டும் இதே பிரச்சினையைத் தொட்டிருக்கிறார். 1992 நோபல் உரை டிரினிடாடில் ஃபெலிசிட்டி என்ற கிராமத்தில் தொடங்குகிறது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்களின் பேரப்பிள்ளைகள் வயல்வெளியில் ராமலீலா நடத்துகிறார்கள். பார்க்கப் போன வால்காட் அதை நாடகமாகவும், தொலைந்துபோன ஒன்றின் மிச்சமாகவும் பார்த்துவிடுகிறார். அந்தப் பையன்கள் நடிக்கவில்லை, நம்புகிறார்கள் என்பது பிறகுதான் உறைக்கிறது. தான் பார்த்த விதமே தப்பு என்று உலக மேடையில் ஒத்துக்கொள்கிறார். வால்காட்டின் உரை அழகானது, நம்மை மன்னித்துவிடுகிறது. கின்கெய்ட் மன்னிப்பதில்லை. ஒரு நாளுக்கு மட்டும் போகிறவனுக்குக் கின்கெய்ட்தான் சரி என்று தோன்றியது. எட்டு மணி நேரத்தில் மன்னிப்பு வாங்குவதெல்லாம் கொஞ்சம் ஓவர்.

புத்தகத்தின் மையத்தில் ஒரு நூலகம் இருக்கிறது. 1974 நிலநடுக்கத்தில் செயின்ட் ஜான்ஸின் பழைய நூலகம் சேதமானது. பழுதுபார்க்கும் வேலை நடக்கவிருக்கிறது என்று ஒரு பலகை மாட்டினார்கள். கின்கெய்ட் எழுதும்போது பத்து வருடங்களுக்கும் மேல் ஆகியும் பலகைதான் இருந்தது, வேலை நடக்கவில்லை. சிறுமியாக அவர் உட்கார்ந்து படித்த இடம் அது. மூன்றாவது பகுதியில், அந்த நூலகத்தைத் திறக்காத அரசு ஹோட்டல் பயிற்சிப் பள்ளி நடத்துவதைக் காட்டுகிறார். நல்ல வேலைக்காரனாக இருப்பது எப்படி என்று சொல்லித்தரும் பள்ளிக்கூடம், அதை ஊரே கொண்டாடுகிறது. அடிமைப்பட்டுக் கிடந்த தீவில் அதைக் கொண்டாட முடிகிறதே என்ற ஆத்திரத்தில் அவருடைய வாக்கியங்கள் பக்கக் கணக்கில் நீள்கின்றன. இந்தப் பகுதி எனக்குக் கொஞ்சம் சலிப்புத்தான். ஊழல் பட்டியல் ஒரு கட்டத்துக்கு மேல் செய்தித்தாள் ஆகிவிடுகிறது. ஆனால் அந்த நூலகம் மனதைவிட்டுப் போகவில்லை.

திட்டம் போடும்போதுதான் இன்னொரு நூலகம் குறுக்கே வந்தது. வழிகாட்டிக்கு மெயில் அனுப்பியிருந்தேன். அவர் அனுப்பிய பட்டியலில் பெட்டிஸ் ஹோப் என்று ஒரு இடம். தீவின் கிழக்குப் பக்கம், பழைய கரும்பு ஆலை, இரண்டு கல் காற்றாலைக் கோபுரங்கள். 1674இல் கிறிஸ்டோபர் காட்ரிங்டன் என்பவர் கைக்கு வந்து, 1944 வரை அந்தக் குடும்பத்திடம் இருந்த தோட்டம். மகள் எலிசபெத்தின் செல்லப்பெயர்தான் பெட்டி. அதே பெயர் கொண்ட மகன் காட்ரிங்டன் 1710இல் இறந்தபோது, ஆக்ஸ்ஃபோர்டின் ஆல் சோல்ஸ் கல்லூரிக்கு 10,000 பவுண்டையும் தன் புத்தகங்களையும் எழுதி வைத்தார். அதில் எழுந்ததுதான் காட்ரிங்டன் நூலகம். 2020இல்தான் கல்லூரி அந்தப் பெயரை விட்டது. ஆன்டிகுவாவிலும் பார்படோஸிலும் அடிமைகள் வெட்டிய கரும்பு ஆக்ஸ்ஃபோர்டில் நூலகமாகி நிற்கிறது. கரும்பு வெட்டியவர்களின் தீவில் இருந்த நூலகம் நாற்பது வருடம் பலகையாகத் தொங்கியது. புதிய நூலகம் திறந்தது 2014இல். கின்கெய்டின் கோபம் முழுவதையும் விளக்க ஒரே ஒரு நிறுத்தம் போதும் என்றால் அது பெட்டிஸ் ஹோப்தான்.

எக்செல் ஷீட்டில் அதை நான் எப்படிப் போட்டேன் தெரியுமா? 'நேரம் இருந்தால்'.

அப்பாவுக்குக் கிரிக்கெட் மைதானம் வேண்டும். அக்கா பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும். மாமாவுக்கு நெல்சன்ஸ் டாக்யார்டு வேண்டும், 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய கடற்படைத் தளம், போட்டோவுக்கு நல்ல இடம். எனக்கு வேண்டியதைக் கடைசியில் வைப்பது பண்பு என்று நினைத்தேன். மெயிலில் வழிகாட்டி இரண்டு முறை எழுதினார், பெட்டிஸ் ஹோப்புக்கு நேரம் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள் என்று. எனக்குச் சந்தேகம் வந்தது. இன்னொரு நிறுத்தம் என்றால் இன்னும் காசு கேட்பாரோ? வேனுக்கு அவர் சொன்ன தொகை அமெரிக்க டாலரில் இருந்தது. கிழக்குக் கரீபியன் டாலர் 1976இலிருந்து ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று நிலையாக இருக்கிறது, அதைப் போட்டுக் கணக்குப் பார்த்தேன். அரசு நிர்ணயித்த டாக்ஸிக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நியாயமான தொகைதான். ஆனாலும் சந்தேகம் போகவில்லை. இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அன்று காலை அவர் கப்பலின் பெயரும் என் பெயரும் எழுதிய அட்டையோடு நின்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர். 'ஆன்டிகுவா' என்று நான் சொன்னதும் 'ஆன்டீகா' என்று திருத்தினார். முதல் நிறுத்தம் ரெக்ரியேஷன் கிரவுண்ட், துறைமுகத்திலிருந்து நடந்தே போய்விடலாம். லாரா 1994இல் 375, 2004இல் ஆட்டமிழக்காமல் 400 அடித்தது இங்கேதான். அப்பா வந்தது அதற்கு இல்லை. 2002 மே மாதம், தாடை உடைந்து தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு கும்ப்ளே வந்து பந்து வீசி லாராவை எல்பிடபிள்யூ எடுத்த இடம் இது. "எந்த எண்டுல இருந்து போட்டாரு?" என்று அப்பா தமிழில் கேட்க, நான் மொழிபெயர்ப்பதற்குள் வழிகாட்டி கையை நீட்டிக் காட்டினார். அந்த டெஸ்டில் இந்திய அணியின் பதினொரு பேரும் பந்து வீசினார்கள், கீப்பர் ராத்ரா உட்பட. அதை இருவரும் விரல்விட்டு எண்ணினார்கள். அரை மணி நேரம். அன்று முழுவதும் அப்பா வேனில் முன் சீட்டை விட்டு இறங்கவே இல்லை.

ஷெர்லி ஹைட்ஸ் போகும் வழியில், நானும் சும்மா இல்லை என்று காட்டிக்கொள்ள, கின்கெய்டைப் படித்திருக்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அதுல வர்ற டிரைவர் நான் இல்ல. இந்த ஊர்ல டிரைவருங்க எல்லாருமே அப்படித்தான் சொல்லுவோம்" என்றார். எனக்கு அது நகைச்சுவையாக மட்டுமே கேட்டது.

டாக்யார்டை வேகமாகத் தாண்டிவிடுகிறேன், அது நன்றாகப் பராமரிக்கப்பட்ட இடம், அவ்வளவுதான். நெல்சன் 1784இலிருந்து மூன்று வருடம் இங்கே இருந்தார். கின்கெய்டுக்கு அவர் கடல் குற்றவாளி, தெருவுக்குப் பெயர் வைக்கப்பட்ட பல பேரில் ஒருவர். பிறகு பக்கத்தில் பிஜன் பாயிண்ட் கடற்கரை, பிள்ளைகளின் குளியல், சாப்பாடு. சாப்பாட்டுக் கடையில் வைஃபை இருந்தது. அலுவலக மெசேஜ் வந்திருக்கிறதா என்று பார்க்க போனை இணைத்தேன். நிமிர்ந்து மணி பார்த்தால் 2:40.

ஒரு மணி நேரம் எங்கே போனது என்று புரியவில்லை. ஒன்றே முக்காலுக்கு இங்கிருந்து கிளம்ப வேண்டும் என்பது ஷீட். இப்போது பெட்டிஸ் ஹோப் போனால் துறைமுகம் சேர நாலு இருபத்தைந்து ஆகிவிடும். நேராகக் கப்பலுக்குப் போய்விடலாம் என்றேன். அப்பா கையைத் திருப்பிப் பார்த்து, "என் வாட்ச்ல ஒன்னே முக்கால்கூட ஆகலியேடா" என்றார். "உங்க வாட்ச் ஸ்லோப்பா" என்றேன். வழிகாட்டி, "நேரம் இருக்கு சார், ஷிப் டைம் வேற" என்றார். பெட்டிஸ் ஹோப் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், நானே பொறுப்பு என்றார். அவர் ஏதோ சமாதானம் சொல்கிறார், சொன்ன நிறுத்தத்தை முடித்து நல்ல டிப்ஸ் வாங்கப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வண்டியைத் திருப்பச் சொன்னேன். திருப்பினார்.

கப்பல் ஏறும் இடத்தில் ஒரு பலகையும் ஒரு டிஜிட்டல் கடிகாரமும் இருந்தன. பலகையில் 4:30. கடிகாரத்தில் 2:25.

டிசம்பரில் ஆன்டிகுவா ஃப்ளோரிடாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. எங்கள் கப்பல் கிளம்பிய ஊரின் நேரத்தையே கடைசிவரை வைத்திருந்தது. ஏரோபிளேன் மோடில் இருந்த என் போனும் அதுவரை கப்பல் நேரத்தில்தான் இருந்தது. வைஃபையில் இணைந்ததும் தீவின் நேரத்துக்குத் தாவிவிட்டது. டைம்ஸோன் பிழைகளைத் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி. அதற்குச் சம்பளம் வாங்குகிறேன். அந்த ஊர் டிரைவரோ தினமும் இரண்டு கடிகாரத்தில் வாழ்கிறார், தன் வீட்டில் ஒன்று, கப்பல் வந்தால் கப்பலுடையது. அவர் எனக்குச் சொன்னது ஒரு தகவல். துல்லியமான, முழுமையான, மூன்றே சொற்களில் அடங்கிய தகவல். அது எனக்கு வியாபாரப் பேச்சாகக் கேட்டது.

ஊருக்குத் திரும்பியதும் 'எ ஸ்மால் ப்ளேஸ்' முதல் பகுதியை மறுபடி வாசித்தேன், இந்த முறை டிரைவரை மட்டும் பின்தொடர்ந்து. அவன் ஜப்பான் கார் வைத்திருக்கிறான், தவறான பெட்ரோல் போட்டு ஓட்டுகிறான். கண்மண் தெரியாமல் ஓட்டுகிறான். வாடகையை அமெரிக்க டாலரில் சொல்கிறான், நம்ப முடியாது, கட்டணப் பட்டியலைப் பார்த்துக்கொள்வது நல்லது. அவ்வளவுதான் அவன். அவனுக்குப் பெயர் இல்லை, வீடு இல்லை, ஒரு கருத்துகூட இல்லை. கின்கெய்ட் பயணியைக் கேலி செய்யத்தான் இப்படி எழுதுகிறார், பயணியின் கண்ணுக்கு டிரைவர் இவ்வளவுதான் தெரிவான் என்று காட்டுகிறார், என்று ஒருவர் வாதாடலாம். நானும் என்னோடு அப்படி வாதாடிப் பார்த்தேன். ஆனால் நூலகம் பற்றி எழுதும்போது அதன் தலைமை நூலகருக்கு ஒரு நடை, ஒரு கவலை, ஒரு பழைய கோபம் என்று அவ்வளவும் தருகிறவர்தான் இவர். டிரைவருக்குத் தர அவருக்கு மனம் வரவில்லை. கேலி பயணிமேல் விழுந்தாலும் சந்தேகம் டிரைவர்மேல் ஒட்டிக்கொள்கிறது. காலனியத்துக்கு எதிராக நான் படித்ததில் மிகக் கூர்மையான புத்தகம் இது, அந்தத் தீர்ப்பில் மாற்றமில்லை. அதே புத்தகத்தின் கையில்தான், எனக்கு நேரம் சொன்ன ஊர்க்காரனை நம்பக்கூடாது என்று நான் கற்றுக்கொண்டிருக்கிறேன். எல்லாப் பழியையும் கின்கெய்ட்மேல் போட முடியாது. கட்டணப் பட்டியலைத் தேடிப் பிடித்தது நான்தான்.

'அதுல வர்ற டிரைவர் நான் இல்ல' என்று அவர் சொன்னது ஒரு விமர்சனம். அந்தப் புத்தகம் பற்றி நான் வாசித்த எதிலும் அது இல்லை, ஏனென்றால் எழுதிய யாரும் அந்தச் சீட்டில் உட்கார்ந்து வாசிக்கவில்லை.

அவருக்கு ஒரு நீண்ட மெயில் எழுதினேன். டைம்ஸோன், காட்ரிங்டன், ஆக்ஸ்ஃபோர்டு, மன்னிப்பு எல்லாம் சேர்த்து ஐந்து பத்தி. இரண்டு நாள் கழித்து பதில் வந்தது. அப்பாவை விசாரித்திருந்தார். நான் சீக்கிரம் விட்டுவிட்டதால் துறைமுகத்தில் நின்றிருந்த இன்னொரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பெட்டிஸ் ஹோப் போனாராம். அவர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்ததாம்.